ஐஸ்காரருக்காகக் கட்டிக் கிடந்த படகுகள்

கடலூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டே விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று புயல், இன்னொன்று ஜெயில். சிதம்பரத்தில் எம்.ஏ. சேர்ந்த புதிதில், ஹாஸ்டலில் என் அறைக்கு வந்த கோயம்புத்தூர்ப் பெண், "உங்க ஊரை டிவியில பாத்திருக்கேன்" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். எதில் பார்த்தாய் என்று கேட்டேன். "முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு ஒரு ரிப்போர்ட்டர் பேசுவாரே, அதுல" என்றாள்.

எங்கள் பேச்சும் அப்படித்தான். மதுரைப் பேச்சு என்றால் கம்பீரம், கோவைப் பேச்சு என்றால் மரியாதை, திருநெல்வேலிப் பேச்சு என்றால் அழகு. இந்த நடுநாட்டில் பிறந்த நாங்கள் "போவல, வர்ல, வூட்டுல இருக்குது" என்றால், "நீ மெட்ராஸா?" என்று கேட்பார்கள். இல்லை, கடலூர். "ஓ, கடலூரா" என்பார்கள். அந்த "ஓ"வுக்குப் பிறகு பெரும்பாலும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நான் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீனவர் ஊரில் பிறந்தவள். அம்மா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அம்மாவின் கூடைக்கு டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பின்னால்தான் இடம். அம்மாவுக்கும் அங்கேதான். கூடை இல்லாத நாளில்கூட அம்மா பழக்கத்தில் பின்னால் போய் உட்காருவாள். நான் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எம்மா, இங்க வா" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிடுவேன். அவள் வரமாட்டாள். "நீ ஒக்காந்தாப் போதும், மானத்த வாங்காத" என்பாள்.

எம்.ஏ. முடித்த கோடையில் ஒரு வேலைக்கு வாய்ப்பு வந்தது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். கடலோரக் குடும்பங்கள் ஏன் இன்னும் முன்னேறவில்லை என்று எங்கள் மாவட்டத்தில் ஆய்வு செய்யப் போகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க உள்ளூர் ஆள் வேண்டும். ஆய்வை நடத்தும் மேடம் சிதம்பரத்துக்கு வந்து எங்கள் துறையில் ஐந்தாறு பேரைப் பார்த்தார். அந்த வேலை கிடைத்தால் நான் சிதம்பரத்திலேயே தங்கி பிஎச்.டி.க்குப் பதிவு செய்யலாம். கிடைக்காவிட்டால் அம்மாவோடு மார்க்கெட்டில் உட்கார வேண்டியதுதான். மார்க்கெட்டில் உட்கார எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் படிக்கவேண்டும், சுற்றவேண்டும், பத்துப் பேரிடம் பத்துக் கேள்வி கேட்கவேண்டும். அந்த வேலைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்றால், நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும் கீழவீதியில் ஒரு சுற்று சும்மாவே வேகமாக நடந்தேன்.

மேடம் நல்ல மனுஷி. நான் மூச்சுவிடாமல் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். கேள்வித்தாளையும் காட்டினார். அதில் ஒரு கேள்வி, கடந்த ஆண்டு எந்தெந்த நாட்களில் கடலுக்குப் போகவில்லை, ஏன் என்பது. காரணத்துக்குக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். வானிலை, இன்ஜின் பழுது, உடல்நலக் குறைவு, திருவிழா. கடைசிக் கட்டம் மூடநம்பிக்கை.

"மேடம், ஊர்ல சாவு விழுந்தா நாங்க தொழிலுக்குப் போவ மாட்டோம். அத எதுல போடறது?"

"ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு எல்லாருமா?"

"ஊரே போவாது மேடம். எடுக்குற வரைக்கும்."

அவர் யோசிக்கவே இல்லை. "கடைசிக் கட்டம்" என்றார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதன்முதலாகக் கடலுக்குப் போகிற அன்று எங்கள் ஊரிலேயே ஆய்வைத் தொடங்கலாம் என்றார். "நீ எப்படி வேலை செய்யறேன்னு அன்னிக்குப் பார்த்துடறேன்" என்றார். அந்த ஒரு நாள்தான் எனக்குப் பரீட்சை.

தடைக்காலம் முடியும் நாள் எங்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று சொல்லவேண்டும். இரண்டு மாசமாக விசைப்படகு கடலுக்குப் போயிருக்காது. மீன் பெருகியிருக்கும், மார்க்கெட் காய்ந்திருக்கும். முதல் நாள் கரைக்கு வருகிற மீனுக்கு வருஷத்திலேயே நல்ல விலை. அதற்கு முந்தின நாள் துறைமுகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். படகுக்குப் புதுப் பெயிண்ட், இன்ஜினுக்குப் பூஜை, வலை ஏற்றுவது, டீசல் ஏற்றுவது, கடைசியாக ஐஸ் ஏற்றுவது.

அந்த ஐஸை உடைத்துக் கொடுப்பவர் ஒரு திட்டக்குடிப் பக்கத்துக்காரர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐஸ் பிளாண்டில் வேலை, வலை பின்னுகிற கொட்டகையில் படுக்கை, எந்த வீட்டில் குழம்பு மணக்கிறதோ அந்த வீட்டில் சாப்பாடு. ஊரில் அவரை ஐஸ்காரர் என்றே கூப்பிட்டோம். இரண்டு மாசம் சும்மா இருந்த கை என்று சொல்லிக்கொண்டு அன்று காலையிலிருந்து எல்லாப் படகுக்கும் அவர்தான் ஐஸ் உடைத்துத் தள்ளினார். மத்தியானத்துக்கு மேல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐஸ் பிளாண்ட் வாசலில் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

சாயங்காலம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, இதற்காக நான் சண்டை போடாத நாளில்லை. ஆனால் கோயில் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்துகொண்டு பேசினால், அது அந்தப் பக்கம் கேட்காது என்றும் சொல்ல முடியாது.

பேச்சைத் தொடங்கியது என் அத்தை மகன். சொந்தமாகப் படகு எடுத்து அவனுக்கு அதுதான் முதல் சீசன்.

"மாமா, நான் தப்பா கேக்கல. கட்டுப்பாடு யாருக்கு? ஊருக்கு வரி குடுக்குற குடும்பத்துக்கு. அவுரு வரிக்காரரா? நம்ம ஜனமா? பாவம்தான், இல்லன்னு சொல்லல. செலவ நாம ஏத்துக்குவோம். ஆனா நாளைக்கு ஒரு நாள போய் எப்பிடி வுடறது? பக்கத்து ஊரு போட்டெல்லாம் போவப் போவுது."

அவன் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. ஊர் வரி குடுக்கிற குடும்பங்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. ஐஸ்காரர் அந்தக் கணக்கில் இல்லை. கூட்டத்தில் இளவட்டங்கள் பலபேர் தலையாட்டினார்கள். எனக்கும், உண்மையைச் சொன்னால், ஒரு கணக்கு இருந்தது. மறுநாள் காலையில் மேடம் வரப்போகிறார்.

அப்போது அவனுடைய படகிலேயே டிரைவராக இருக்கிற ஒருவர் கேட்டார். "மச்சான், ஒன் போட்டுல ஐஸ் ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

"யாரு ஒடைச்சது?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"சொல்லு மச்சான். வரி ரசீது பாத்தா ஏத்துன?"

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பொணத்துக்கிட்ட வரி கேக்குறது ஒண்ணுதான் இந்த ஊருக்குப் பாக்கி. அதையும் கேட்டுடுங்க." பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் பக்கம் யாரோ "ஏம்மா, சும்மா இருங்களேன்" என்றார்கள். அதிலும் சிரிப்பு இருந்தது.

தலைவர் மாமா நீளமாகப் பேசுகிறவர் இல்லை. "சோறு நம்மூட்டுல தின்னாரு. செத்தது நம்மூருல. இன்னும் இன்னா பேச்சு?" என்று எழுந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள். எடுக்கிற வரைக்கும் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது, பெண்கள் மார்க்கெட்டுக்கும் போகக்கூடாது.

அத்தை மகன் மணலை ஓர் எத்து எத்திவிட்டு வெளியே வந்தான். வந்தவன் நேரே போய் ஃப்ரீசர் பெட்டிக்கு ஏற்பாடு செய்தான். பெட்டி வந்து இறங்கியபோது கூட்டத்தில் ஒரு அக்கா, "ஊருக்கெல்லாம் ஐஸ் வெச்ச மனுஷன், அவுருக்கும் ஐஸ்லதான் படுக்கணும்னு இருக்குது பாரு" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். எங்கள் சாவு வீடு அப்படித்தான். இதையும் வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நாகரிகமில்லாத ஜனம் என்பார்கள். சிரிக்கவே வராத சாவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே சிதம்பரம் வந்து லாட்ஜில் இறங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் உங்க சொந்தமா?"

"இல்ல மேடம். வெளியூரு."

"அப்போ ஏன்?"

"நீங்க வந்து பாருங்களேன் மேடம்" என்றேன். வேறென்ன சொல்வது?

காலையில் அவர் வந்தபோது மற்ற ஊர்ப் படகுகள் வரிசையாக முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. கொடி, மாலை, ஹாரன் சத்தம். எங்கள் ஊர்ப் படகுகள் மட்டும் புதுப் பெயிண்டோடு கட்டிக் கிடந்தன. அடித்தட்டில் ஐஸ் உருகி, ஓரத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. போகிற படகிலிருந்து எவனோ ஒருவன், "இன்னா மச்சான், டீசல் இல்லியா, குடுக்கட்டா?" என்று கத்தினான். அத்தை மகன், "எங்கூருல சாவுடா" என்றான். அந்தப் படகில் ஹாரன் நின்றது. எங்கள் கரையைக் கடக்கும்வரைக்கும் அடிக்கவில்லை.

மேடம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவருக்குக் கோபம். என்மேல் இல்லை, எங்கள் ஊர்மேல். "வருஷத்துலயே நல்ல நாள். தெரிஞ்சே விடறாங்க. இப்படி இருந்தா இவங்க எப்படி மேல வருவாங்க?" என்றார். அக்கறையில் சொன்னதுதான். அக்கறையில் சொல்கிறவர்களிடம்தான் பதில் சொல்வது கஷ்டம்.

ஐஸ்காரருடைய தம்பி வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. திருப்பூரில் வேலை செய்கிறவர். போன் வந்ததும் கிளம்பி, திட்டக்குடி போய் வீட்டுக்காரியையும் சொந்தக்காரர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, ஒரு வேனில் வந்தார். கையில் ஒரு மாலையும் புது வேட்டியும் மட்டும். வேனை விட்டு இறங்கியவர் துறைமுகத்தைப் பார்த்தார். கட்டிக் கிடக்கிற படகுகளையும், தெருவெல்லாம் உட்கார்ந்திருக்கிற ஜனத்தையும் பார்த்தார். நானும் மேடமும்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இன்னிக்கு இங்க எதுனா ஸ்ட்ரைக்கா?"

"இல்லிங்க. சாவு விழுந்திருக்குது."

"எங்க அண்ணன் இல்லாம இன்னொரு சாவா?"

"உங்க அண்ணனுக்குத்தாங்க."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி மெல்லச் சொன்னார். "எங்க ஊருலயும் தெருவுல ஒரு பொணம் கெடந்தா, எடுக்குற வரைக்கும் பக்கத்து வூடுங்கள்ல அடுப்புப் பத்த வெக்க மாட்டோம். ஆனா வந்த எடத்துல, யாரோ ஒரு ஆளுக்கு..." அத்தை மகன் வந்து அவர் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு, "வாங்க மாமா, மொகத்தப் பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனான். யாரென்றே தெரியாத ஆளை மாமா என்று கூப்பிட எங்கள் ஊரில் ஒரு நிமிஷம் போதும்.

ஊருக்கு எடுத்துப்போகிறீர்களா, இங்கேயே வைக்கலாமா என்று தலைவர் மாமா கேட்டார். இங்கேயே இருக்கட்டும் என்றார் தம்பி. பறை அடித்து, வெடி போட்டு, இளவட்டங்கள் ஆடிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் வரிக்கணக்கு கேட்டவன்தான் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கினான்.

எல்லாம் முடிந்து மேடத்தின் காருக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் முகம் காலையில் இருந்த மாதிரி இல்லை. ஆனாலும் விடவில்லை.

"எனக்கு மரியாதை இருக்கு. நிஜமாவே. ஆனா இது உங்க ஊருக்கு நஷ்டம் இல்லையா?"

"நஷ்டம்தான் மேடம்."

"அப்புறம்?"

"நஷ்டம்னு தெரிஞ்சுதான் நிக்கிறாங்க. அது எப்படி மூடநம்பிக்கை ஆவும்? போனா சாமி குத்தம்னு யாருமே சொல்லல. நீங்க இவ்வளவு நேரம் இருந்தீங்களே, ஒருத்தர் வாயில சாமி பேச்சு வந்துச்சா?"

"நல்லாத்தான் பேசறே. ஆனா பேச்சை அப்படியே டேட்டாவா எடுத்துக்க முடியாது. எங்கேயாவது ஒரு கட்டத்துல போட்டுத்தான் ஆகணும்."

"அந்தக் கட்டத்துல நான் டிக் போட மாட்டேன் மேடம்."

சொல்லிவிட்டேன். சிதம்பரம், ஹாஸ்டல், பிஎச்.டி., எல்லாம் அந்தக் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அப்போ இதுக்கு நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றார். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை, யோசிக்கிற மாதிரிதான் சொன்னார்.

"பாருங்க மேடம். ஆனா அவங்களுக்கும் இந்த ஊர்ல இந்தப் பதில்தான் கிடைக்கும்."

கார் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தாள். "போனாப் போவுது" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "நீ மார்க்கெட்டுக்கு வந்தா நாலு நாள்ல பக்கத்துக் கடைக்காரியோட சண்டை வரும். எனக்கு அந்தக் கவலதான்" என்றாள்.

மறுநாள் எங்கள் படகுகள் போயின. முந்தின நாளே மற்ற ஊர் மீன் வந்து இறங்கிவிட்டதால் விலை சுமார்தான். அத்தை மகன் அந்த வாரம் முழுக்கப் புலம்பினான். "முந்தின நாளு மட்டும் போயிருந்தா" என்று ஆரம்பிப்பான். "போயிருந்தா?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல வுடு" என்பான். எங்கள் ஆட்கள் தியாகிகள் இல்லை. நஷ்டம் அவர்களுக்கும் வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்தும் படகைக் கட்டினார்கள் என்பதில்தான் எனக்குத் தலை நிமிர்கிறது. கடலூர் என்றால் புயல் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். அந்தப் புயல் முடிந்த மறுநாள் யார் வீட்டுக் கூரையை யார் முதலில் போட்டார்கள் என்று அந்த ரிப்போர்ட்டர் நின்று பார்த்திருந்தால், எங்கள் ஊரைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் அவர் கிளம்பிவிடுகிறார்.

மேடத்திடமிருந்து போன் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செதில் உரித்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன்.

"கட்டங்களை எடுத்தாச்சு" என்றார். "காரணத்தை அவங்க சொன்னபடியே எழுதணும்னு மாத்தியிருக்கோம். கமிட்டியில பாதிப் பேருக்குப் பிடிக்கல. எனக்கே முழுசா சரியான்னு தெரியல. எழுதினதை வெச்சுப் பார்ப்போம்."

"சரிங்க மேடம்."

"உங்க ஊர் மட்டும் போதாது. சிதம்பரம் தாலுகா கடலோரம் பூராவும் போகணும். எப்போ ஆரம்பிக்கலாம்?"

"இன்னிக்கு மத்தியானம்" என்றேன். அம்மா என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். "மொதல்ல கைய கழுவு, போனு நாறும்."

வேலை தொடங்கி இரண்டாவது வாரம். சிதம்பரத்திலிருந்து காலை பஸ் ஏறி, கிள்ளையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இறங்கினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. கேள்வித்தாள், பேனா, தண்ணி பாட்டில் எல்லாம் பையில் தயார். கரைக்குப் போனால் ஃபைபர் படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடக்கின்றன. நல்ல வெயில், நல்ல கடல், காற்றும் இல்லை. தெருவில் ஒரு பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைமரம் இல்லாத பந்தல்.

ஒரு அக்கா என்னைப் பார்த்து, "யாரும்மா?" என்றாள்.

"சர்வேக்கு வந்தேன் அக்கா."

"இன்னிக்கு வேணாம்மா. எங்கூருல ஒரு அம்மா தவறிட்டாங்க. இன்னொரு நாளைக்கு வா."

பையை மூடினேன். கொஞ்சம் தள்ளிப்போய் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், இன்னிக்கு வேலை நடக்காது."

"ஏன், மழையா?"

"இல்ல மேடம்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

வேலைக்கு நாள் குறித்திருக்கிறோம், தெரியும். திரும்பி வா, அடுத்த ஊருக்குப் போ என்று சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. பதிலை மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"எப்போ எடுப்பாங்க?" என்றார்.

"மகள் பெங்களூர்லேருந்து வரணுமாம். சாயங்காலம் ஆவும்."

"சரி" என்றார் மேடம். "இருந்துட்டு வா."